கிளிக்கு மறுவீடு: வேண்டாமென்று விடப்பட்ட வளர்ப்புக் கிளிகளை ஏற்றுத் தகுந்த இடத்தில் சேர்க்கும் முறை

புதுச்சேரியில் கிளி வேண்டாமென்று எங்களைத் தேடி வருபவர்களில் கல்நெஞ்சக்காரர்கள் குறைவு. மகனுக்குப் பிரான்சில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்பவர்கள், விடியற்காலையில் பறவை கத்துகிறதென்று வீட்டு உரிமையாளரிடம் திட்டு வாங்கும் வாடகைக்காரர்கள், தாத்தா காலமான பிறகு அவர் வளர்த்த பறவையை என்ன செய்வதென்று தெரியாத பேரப்பிள்ளைகள் ஆகியோரே அதிகம். சாதாரணப் பச்சைக்கிளி மனிதர் பராமரிப்பில் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 ஆண்டுகளையும் தாண்டும். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த குஞ்சு நடுவயதை எட்டும்போது, அந்தக் குழந்தை தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருக்கும். விற்பவர்கள் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்வதில்லை.

இத்தகைய பறவையை வாங்கி வைத்துக்கொள்வது எளிது. அதை யாரிடம், எப்போது, எந்த நிபந்தனையோடு ஒப்படைப்பது என்பதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தாற்போல என்று பெண்ணைப் பெற்றவர்கள் புலம்பும் பழமொழி, எங்கள் வேலையில் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனால் வீடு தேடும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கையில் இருப்பது எந்தக் கிளி?

நாட்டுக் கிளியா, வெளிநாட்டுக் கிளியா?

உடல் முழுதும் பச்சை, சிவந்த அலகு, நீண்ட வால், வளர்ந்த ஆணாக இருந்தால் கழுத்தைச் சுற்றிக் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம்: இது செந்தார்ப் பைங்கிளி. இதைவிடப் பெரியதாக, தோள்பட்டையில் அரக்குச் சிவப்புத் திட்டுடன் இருந்தால் அது பெரிய பச்சைக்கிளி. இரண்டும் இந்நாட்டின் காட்டுப் பறவைகள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றமாகும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் செந்தார்ப் பைங்கிளி இடம்பெற்றிருக்கிறது; மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கடலூர் அருகே தென்னம்பாக்கத்தில் கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறையினர் எடுத்துச் சென்ற செய்தியைப் படித்த பிறகுதான், அதுவரை வளர்த்தது சட்டவிரோதம் என்று இப்பகுதியில் பலருக்கு உறைத்தது.

ஆகவே பச்சைக்கிளியைப் பொறுத்தவரை மறுவீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்குத் தெரிந்த நல்ல குடும்பம் ஒன்று இருக்கலாம். அவர்களிடம் மாந்தோப்பும் இருக்கலாம். ஆயினும் அவர்களிடம் பறவையைக் கொடுத்தால், ஒரு வீட்டிலிருந்த குற்றம் இன்னொரு வீட்டுக்கு இடம்பெயர்ந்ததாகவே ஆகும். சட்டத்தின் 39ஆம் பிரிவு இத்தகைய உயிரினங்களை அரசின் உடைமை என்கிறது; அது எவ்வகையில் உங்கள் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். பால்கனியில் தானாக வந்து விழுந்த கிளிக்கும் இந்தக் கெடு பொருந்தும். எழுத்தில் ஒரு சிறு மனுவும் நாள், நேரம், இடம் குறித்த கைப்பேசிப் படமும் கையில் இருந்தால் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

எந்த வனத்துறை என்பதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரிக்குத் தனி வனத்துறை இருக்கிறது. சாலையைக் கடந்தால் தமிழ்நாட்டு வனத்துறை. பாகூரில் கிடைத்த கிளி புதுச்சேரியைச் சேர்ந்தது. சிறிது தூரம் தள்ளி ரெட்டிச்சாவடியில் கிடைத்தால் அது கடலூர் மாவட்ட வன அலுவலரின் பொறுப்பு. கோட்டக்குப்பத்தில் விழுந்தால் விழுப்புரம் மாவட்டம். பறவைக்கு எல்லை தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வசதியான அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றால், ‘இது எங்கள் எல்லையில் வராது’ என்ற பதிலோடு உச்சிவெயிலில் பறவையோடு திரும்ப நேரிடும். எனக்கு ஒரு முறை நேர்ந்தது. அதன்பிறகு கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வெளிநாட்டுப் பறவைகளின் நிலை வேறு. நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜிகளே. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, வால் குட்டையானது. கொண்டை வைத்த காக்டெயிலும் ஆஸ்திரேலியப் பறவைதான். சன் கனூர், மக்காவ் எனப்படும் பஞ்சவர்ணக்கிளி ஆகியவை தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் பட்ஜியும் காக்டெயிலும் இல்லை. கனூர், மக்காவ், சாம்பல் கிளி ஆகியவை உள்ளன. பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்த பறவைக்கு 30 நாள் கெடு. பறவை கைமாறும்போதும் தெரிவிக்க வேண்டும். எனவே சாம்பல் கிளியோ மக்காவோ கொண்டுவந்து கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவுத் தாள். தாள் இல்லையென்றால், பறவையை வாங்கி வைக்கும் முன்பே தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலத்திலும் மஞ்சளிலும் ‘ரிங்நெக்’ என்று விற்கப்படுபவை வெளிநாட்டு இனம் என்று கடையில் சொல்வார்கள். அவை நம் செந்தார்ப் பைங்கிளியின் நிறம் மாறிய வடிவங்கள்தாம். இவற்றின் விஷயத்திலும் வனத்துறையைக் கேட்காமல் கைமாற்ற வேண்டாம்.

கூண்டைத் திறந்து விடுவது விடுதலை ஆகாது

சட்டத்தைக் கேட்டு மிரண்டவர்களில் பாதிப்பேர், ‘அப்படியானால் ஊசுட்டேரிக் கரையில் கொண்டுபோய்ப் பறக்க விட்டுவிடுகிறோம்’ என்கிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் இந்தச் செயலில் சாகும் கிளிகள் எத்தனை என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் கூண்டில் இருந்த கிளியின் மார்புத் தசை மெலிந்து போயிருக்கும். நாற்பது அடி பறந்ததும் மூச்சு வாங்கித் தரையில் உட்காரும். வல்லூறு எது, கொய்யாப்பழம் எது என்று கற்றுக்கொடுக்கத் தாய் இல்லாமல், கண் திறக்கும் முன்பே பொந்திலிருந்து எடுக்கப்பட்ட பறவை அது. மனிதரைக் கண்டால் தோளில் வந்து உட்காரத் தெரிந்த கிளியைப் பிடிப்பதற்கு வலையே தேவையில்லை. காக்கைக் கூட்டம் புதிய பறவையை நிமிடத்தில் அடையாளம் கண்டு துரத்தும்.

வனத்துறையிடம் ஒப்படைக்கப்படும் கிளிகளை மருத்துவரைக்கொண்டு பரிசோதித்து, பறக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பில் இனத்தோடு இனமாகச் சேர்த்து, காட்டு உணவைப் பழக்கி, மனிதரைக் கண்டு விலகும் நிலை வந்த பிறகே விடுவது முறை. சிறகு வெட்டப்பட்டிருந்தால் இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் வரை பல மாதம் காத்திருக்க வேண்டும். மனிதக் குரலில் பேசிப் பழகிய முதிய கிளிகளில் சில எந்நாளும் விடத் தகுதி பெறாமல் போகலாம். அவை எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் துறைக்கே உண்டு. ஒப்படைக்கும் உரிமையாளர் கலங்குவார். ‘நீங்கள் கொடுக்கிற தகவல்தான் அதற்கு உதவி, அம்மா’ என்று சொல்லி, கிளியின் வயது, உணவு, நோய் வரலாறு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். எழுதும்போது அவர் மனமும் சற்று அமைதியடைவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பறவைகளைத் திறந்து விடுவது இதனினும் கொடியது. காக்டெயிலுக்கு நம் ஊரில் எந்த மரமும் வீடாகாது.

குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தை முதல் பங்குனி வரை மரப்பொந்துகளிலும் பட்டுப்போன பனை, தென்னைகளிலும் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரிக்கும் காலம். 2011 டிசம்பரில் வந்த தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் சாய்த்த முதிய மரங்களோடு பொந்துகளும் போயின. இருக்கும் பட்டமரங்களையாவது வெட்டாமல் விட்டுவைத்தால் நல்லது. கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை; காயமில்லாத குஞ்சைப் பொந்து தெரிந்தால் மீண்டும் அதிலேயே வைத்துவிடலாம். மர உயரம் ஆபத்தென்றால் வனத்துறையை அழையுங்கள். எக்காரணம் கொண்டும் பசும்பால் புகட்டாதீர்கள்.

தப்பி வந்த பறவையைப் பிடித்தல்

தீபாவளிக்கு மறுநாள் வரும் அழைப்புகள் அநேகமாக இந்த வகை. வெடிச்சத்தத்தில் மிரண்டு கதவிடுக்கில் பறந்த காக்டெயிலோ கனூரோ வேப்பமரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே ஏறத் தெரியும். கீழே இறங்கிப் பழக்கமில்லை. கல்லெறிவதும் குழாய்நீரைப் பீய்ச்சுவதும் அதை அடுத்த தெருவுக்கு விரட்டும். அதே இனப் பறவை ஒன்றைக் கூண்டோடு மரத்தடியில் வைத்து, பக்கத்தில் திறந்த காலிக்கூண்டில் தினைக்கதிரைத் தொங்கவிட்டு, ஒருவர் மட்டும் அமைதியாக அமர்ந்திருப்பதே பலன் தரும். முதல் நாள் பயத்தில் இறங்காது. இருட்டிய பின் அது எந்தக் கிளையில் உறங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் விடியும் முன்பே அங்கே இருங்கள். இரவுப் பசி அதைக் கீழே கொண்டுவரும்.

கையில் பிடிக்கும்போது மெல்லிய பருத்தித் துண்டைப் போர்த்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கழுத்தைச் சுற்றித் தளர்வாகப் பிடியுங்கள். மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும் என்பதால், அன்போடு இறுக அணைத்தவர் கையிலேயே உயிர் போவதுண்டு. காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக மூடி, நிழலில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கிண்ணத்தில் வைத்தால் அதுவே குடிக்கும். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, உரிமையாளரைத் தேடி அக்கம்பக்கத்துப் பால் கடை, மருந்துக் கடைகளில் தாள் ஒட்டுங்கள். தாளில் பறவையின் இனத்தை மட்டும் போடுங்கள். வளைய எண்ணையும் தனி அடையாளத்தையும் மறைத்து வையுங்கள். கேட்டு வருபவர் அவற்றைச் சொன்னால்தான் பறவை அவருடையது.

முதல் முப்பது நாட்கள்

வீட்டில் வேறு பறவைகள் இருந்தால், புதியதைக் குறைந்தது 30 நாட்கள், முடிந்தால் 45 நாட்கள் தனி அறையில் வையுங்கள். கிண்ணம், துடைப்பத் துணி எல்லாம் தனி. பழைய பறவைகளைக் கவனித்து முடித்த பிறகே புதியதிடம் செல்லுங்கள். வரிசை மாறக் கூடாது. கிளியின் எச்சத்தூள் வழியாக மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் எனப்படும் காய்ச்சல் உண்டு. காய்ந்த எச்சத்தைச் சுரண்டித் தூசி கிளப்பாமல், நீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு துடைத்தெடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டிருமலும் வந்தால் பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அந்தத் திசையில் நினைக்கவே வாய்ப்பில்லை.

நோயை மறைப்பதில் கிளி கைதேர்ந்தது. காட்டில் சோர்ந்து தெரியும் பறவையை வேட்டைப் பறவை முதலில் குறிவைக்கும் என்பதால், இறுதி வரை நலமாக இருப்பதுபோல நடிக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு குச்சியை நிறுத்தி, தினமும் காலையில் உணவுக்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். காக்டெயில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, எச்சத்தின் நிறம் மாறுவது ஆகியவையும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் நம் பகுதிக்கு ஒரு வரம். ஆனால் கால்நடை மருத்துவர் எல்லாரும் பறவை பார்ப்பவர் அல்லர் என்பதால், எங்கே போவதானாலும் பறவைகளைப் பார்ப்பவர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதுவரை வெதுவெதுப்பும் அமைதியும் போதும். மார்கழிக் குளிரிலும் மழை நாட்களிலும் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வெப்பம் படும்படி விளக்கொன்றை வெளியே பொருத்துங்கள். மறுபக்கம் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும்.

எங்களிடம் வரும் கிளிகளில் பல, சூரியகாந்தி விதையைத் தவிர வேறொன்றும் தின்றறியாதவை. கொழுப்பு மிகுந்து ஈரல் கெடுவதும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் வாயும் புண்ணாவதும் அதன் விளைவு. ஆனாலும் அந்த விதையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். புதிய உணவை உணவென்றே அறியாத பறவை, நிறைந்த கிண்ணத்தின் முன் பட்டினி கிடக்கும். காலையில் பசியோடிருக்கும்போது முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, கோவைப்பழம், கொய்யா இவற்றைக் கொடுத்து, விதையை மாலைக்குத் தள்ளி, வாரந்தோறும் அளவைக் குறையுங்கள். நீங்கள் அதன் கண்முன் ஒரு துண்டைக் கடித்துத் தின்று காட்டுவது எந்தத் தந்திரத்தையும் விட நன்றாக வேலை செய்கிறது. பச்சைமிளகாயின் காரம் கிளிக்கு உறைக்காது. பட்டர் ஃப்ரூட் எனப்படும் வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், உப்பிட்ட மிக்சர், முறுக்கு ஆகியவற்றை அருகிலேயே கொண்டுவராதீர்கள். தயிர்சாதம் ஊட்டி வளர்த்தோம் என்று பெருமை பேசுபவர்களிடம் வாதாடுவதில்லை. பறவையை வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுவேன்.

கூண்டில் வழவழப்பான ஒரே தடிப்புள்ள பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, பட்டையோடு கூடிய கொய்யாக் கிளையையும் வேப்பங்கிளையையும் வையுங்கள். பாதத்தில் புண் வராது. அரளிக் கிளை நஞ்சு. கடித்துக் கிழிக்கத் தென்னை மட்டையும் பனையோலையும் கொடுத்தால், தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும் பறவைகளில் சில அந்தப் பழக்கத்தை மெல்ல விடுகின்றன. எல்லாம் விடும் என்று சொல்ல மாட்டேன். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சித் தொடர் முடியும் வரை கூடத்தில் விழித்திருக்கும் கிளி கடிக்கத்தான் செய்யும்.

பழைய வீட்டின் கதை

பறவையை ஒப்படைக்க வருபவரைக் குற்றவாளியாக்கிப் பேசினால் அவர் பாதியை மறைப்பார். மறைத்த பாதியில்தான் நமக்கு வேண்டியது இருக்கும். அதைக் கடிக்கும் கிளி என்று சொல்லத் தயங்குவார்கள். யாரைக் கடிக்கிறது, எந்த மாதத்தில் கடிக்கிறது என்று கேளுங்கள். வயதுக்கு வந்த கிளி இனப்பெருக்கப் பருவத்தில் கடிப்பது இயல்பு. பருவம் மாறினால் தணியும். எந்தப் பெயரில் கூப்பிடுகிறீர்கள், யார் தோளில் உட்காரும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எப்போது தூங்கும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். பழைய கூண்டையும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். புதிய இடத்தில் முதல் வாரம் அதுதான் அதன் சொந்த ஊர்.

சில ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றுவந்த சொல்தா ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு சாம்பல் கிளி வந்தது. பதிவுத் தாளெல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் இறந்து நான்கு மாதம் ஆகியும், மாலை ஆறு மணிக்கு அந்தக் கிளி அவர் குரலிலேயே ‘சா வா?’ (பிரெஞ்சில் ‘நலமா?’) என்று கேட்டு, அவர் குரலிலேயே இருமும். அந்த இருமலைக் கேட்கத் தாங்காமல்தான் மருமகள் பறவையைக் கொண்டுவந்தார். எங்களிடம் முதலில் அதைச் சொல்லவில்லை. கிளி இருமியதும் நோயென்று பயந்து மருத்துவரிடம் ஓடினோம். அன்று முதல், எங்கள் கேள்வித்தாளில் ‘பறவை யாருடைய குரலில் என்னென்ன ஒலி எழுப்பும்’ என்ற வரி இருக்கிறது.

புதிய வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

இலவசம் என்று அறிவிக்காதீர்கள். இலவசமாக வாங்கிய பறவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சந்தைக்கு வந்துவிடலாம். மருத்துவச் செலவில் ஒரு பகுதியை ஏற்கச் சொல்வதும், ஒரே சந்திப்பில் பறவையைக் கொடுக்க மாட்டோம் என்பதும் விற்பனை நோக்கத்தோடு வருபவரைத் தாமாகவே விலகச் செய்யும். கேட்டு வருபவர் மூன்று முறையாவது வந்து பறவையோடு அரை மணி நேரம் இருக்கட்டும். யாரை ஏற்பது என்பதில் கிளிக்கும் ஒரு கருத்து உண்டு. நான் அருமையானவர் என்று நினைத்தவரைக் கண்டு கூண்டின் மூலைக்கு ஓடிய பறவை, அவருடன் துணைக்கு வந்த தங்கையின் விரலில் ஏறி உட்கார்ந்ததும் உண்டு.

அதன்பின் அவர்கள் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். திருமணத்துக்குப் பின் மறுவீடு போவதுபோல் விருந்துண்ணப் போகாமல், மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போகும் தாய்மாமன் கண்ணோடு போங்கள். முதலில் மேலே பாருங்கள்: மின்விசிறி. கூண்டுக்கு வெளியே பறக்கவிடும் வீடுகளில் ஓடும் மின்விசிறியில் அடிபட்டுச் சாகும் கிளிகள் ஏராளம். பறவை வெளியே இருக்கும்போது விசிறியை நிறுத்துவதற்கு இந்தச் சித்திரை வெயிலில் வீட்டார் சம்மதிப்பார்களா என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். அடுத்தது சமையலறை. நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பூச்சிலிருந்து எழும் ஆவி, நமக்கு வாசனைகூடத் தெரியாத அளவிலேயே பறவையைச் சில நிமிடங்களில் கொல்லும். இரும்புக்கல்லுக்கு மாறத் தயாரா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், புது பெயின்ட் ஆகியவையும் பறவையின் நுரையீரலுக்குப் பகை. சாமி அறைக்கும் கூண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பூனை, கம்பி வலையில்லாத பால்கனி, சுவர் ஒட்டிய அண்டை வீடு, வேலைக்குப் போனால் பகலில் யார் இருப்பது என்பனவும் விசாரிக்க வேண்டியவையே. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை அவர் வாயாலேயே கேளுங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தால் மரியாதையாக மறுத்துவிடுவது எங்கள் வழக்கம். பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தால், அவருக்குப் பிறகு யார் என்ற பெயரும் தாளில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது சங்கடம்தான். கேட்காமல் விட்ட கனூர் ஒன்று மூன்றாண்டில் எங்களிடமே திரும்பி வந்தது.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் முடியலாம்: விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது, வைத்திருக்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பட்டியலில் உள்ள இனமென்றால் பரிவேஷில் பெயர் மாற்றம் முடிந்த பிறகே பறவை வீட்டை விட்டு நகர வேண்டும். முதல் மாதத்தைச் சோதனைக் காலமாக வைத்து, முதல் வாரத்தில் ஒரு முறையும் மாதம் முடியும்போது ஒரு முறையும் பறவையை நேரில் பாருங்கள். அந்த நோட்டில் எடை தொடர்ந்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முதல் சில நாட்கள் அது பேசாது, சரியாக உண்ணாது. இடம் மாறிய எந்தக் கிளியும் அப்படித்தான். எடை இறங்காத வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

பறவை போன அன்றே உங்கள் வீட்டிலுள்ள தற்காலிகக் கூண்டைக் கழற்றி, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தைப் பத்துப் பங்கு நீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசுங்கள். கிளைகளையும் கயிறுகளையும் எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டி வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் அடுத்த பறவைக்குக் கூண்டு தயார்.